தெரிஞ்சே

மின்விசிறியை அணைத்தால்தான் குரல் சுத்தமாகப் பதிவாகும். அணைத்தால் மூச்சு முட்டும். பியூலா அணைத்தாள். தெருச்சத்தம் உள்ளே வராமலிருக்க ஜன்னலுக்குக் குறுக்கே மெத்தையைத் தூக்கிச் சாய்த்து வைத்திருந்தாள். பெருமாள்புரத்து மத்தியான வெயில் அந்த மெத்தையைச் சூடாக்கி, பழம்பஞ்சின் வாசனையாக அறைக்குள் அனுப்பிக்கொண்டிருந்தது. பதிய வேண்டியது கொஞ்சம்தான். வெட்டி, ஒட்டி, எழுத்துப் போட்டு, இசை சேர்த்து, வீடியோ முழுசாக லேப்டாப்பில் தயாராகக் கிடந்தது. முகப்பில் வருகிற டிஸ்கிளைமர் மட்டும்தான் பாக்கி. ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிற சமாச்சாரம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். இந்த வீடியோவில் சொல்லப்படும் கருத்துகள் அனைத்தும் எங்கள் தனிப்பட்ட அனுபவத்தை அடிப்படையாகக் கொண்டவை, எந்தத் தனிநபரையும் நிறுவனத்தையும் புண்படுத்தும் நோக்கம் எங்களுக்கு, என்று வந்து அந்த இடத்தில் நின்றது. இல்லை என்று சொல்ல வேண்டும். வரவில்லை. மறுபடி முதலிலிருந்து. மறுபடி அதே இடம். மூன்றாவது தடவை மீன் வண்டியின் ஹாரன் குறுக்கே வந்தது, அவளுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி, கோளாறு நாக்கில் இல்லை, ஹாரனில்தான் என்று. ஹாரன் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. இப்போது சொல்லலாம். சொல்லேன். புண்படுத்தும் நோக்கம் இல்லையா உனக்கு? இருக்கிறதே. நெஞ்சு முழுக்க இருக்கிறதே. அந்தப் பொம்பளை பார்த்து வயிறெரிய வேண்டும், அவள் கடை ஷட்டர் இறங்க வேண்டும், சிரித்துச் சிரித்து அவள் போடுகிற வீடியோவுக்குக் கீழே ஊரே காறித் துப்ப வேண்டும் என்றுதானே இதை இத்தனை நாள் கண்விழித்துச் செய்தாய். அப்புறம் நோக்கம் இல்லை என்றால் என்ன அர்த்தம். முதல் வாக்கியமே பொய் என்றால் அதற்குப் பின்னால் வருகிற உண்மையை எவன் நம்புவான். ஆனால் யாரும் இதைக் கேட்பதே இல்லையே. மகள் பெனிட்டா சொல்வது போல, டிவியில் மருந்து விளம்பரத்தின் கடைசியில் ரயில் வேகத்தில் ஒருத்தர் படிப்பாரே, அந்த மாதிரி. பெனிட்டா நாலாம் வகுப்பு. அம்மாவை மாதிரியே பேசிக் காட்டுவாள். போன வாரம் சாப்பாட்டு மேசையில், இது எனது தனிப்பட்ட கருத்து மட்டுமே, பாட்டி மனதைப் புண்படுத்தும் நோக்கம் இல்லை, குழம்பில் புளி ஜாஸ்தி என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பியூலாவின் மாமியார்கூடச் சிரித்தாள். பியூலா மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

'பாத்து வாங்குங்க' என்று சேனலுக்குப் பேர் வைத்தபோது இதெல்லாம் தெரியாது. மிக்ஸி, தோசைக்கல், இட்லிக் குக்கர். வாங்கிப் பார்த்து, அரைத்துப் பார்த்து, நல்லாயிருந்தால் நல்லாயிருக்கு, இல்லாவிட்டால் இல்லை. ஒரு மிக்ஸியின் ஜார் விளிம்பில் கசிகிறது என்று சொல்லி, கசிவதையும் காட்டியதற்கு, தயாரித்தவர்கள் போனில் ஒரு மிரட்டு மிரட்டினார்கள். அன்றிலிருந்து திரையில் இந்த மஞ்சள் பட்டை, இந்த வேகவேகமான வாசகம். முதலில் வீடியோவுக்கு முன்னால் மட்டும் இருந்தது. அப்புறம் அது வீட்டுக்குள் வந்துவிட்டது. பக்கத்து வீட்டில் வாசல் தண்ணி வழிகிறது என்று சொல்லப் போனால்கூட, நான் தப்பா சொல்லலக்கா, எனக்குத் தோணுனதத்தான் சொல்லுதேன் என்றுதான் வாய் ஆரம்பிக்கிறது. சர்ச்சில் ஜெபம் பண்ணும்போதுகூட அப்படி ஒரு தடவை வந்துவிட்டது. ஆண்டவரே, யாரையும் குற்றம் சொல்லவில்லை, ஆனால். ஆனால் என்று ஆரம்பித்துவிட்டுக் கண்ணைத் திறந்து பார்த்தாள், ஆண்டவரும் கேஸ் போடுவாரா என்ன. இதெல்லாம் மிக்ஸிக்குச் சரி. கசிகிற ஜாருக்கு, எங்கள் அனுபவத்தில் கசிந்தது என்றால் போதும். கோமதிக்கு? கோமதியின் கிட்னிக்கு? எங்கள் தனிப்பட்ட கருத்துப்படி அந்தப் பெண்ணின் கிட்னி கசிகிறது. சொல்ல முடியுமா. அது கருத்தா. பாத்ரூமில் நுரை நுரையாகப் போகிறது என்று அந்தப் பிள்ளை அழுதது யாருடைய கருத்து.

கோமதி கீழ் வீட்டில் குடியிருக்கிற ஆவுடத்தாயின் மகள். டவுனில் ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். கல்யாணம் நிச்சயமான அன்றைக்கு மாப்பிள்ளையின் அத்தை, பொண்ணு லட்சணந்தான், கொஞ்சம் வெளுத்தா எடுப்பா இருப்பா என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனாள். சொன்னவள் மறந்திருப்பாள். கோமதி மறக்கவில்லை. எல்லாரும் பார்க்கிற அந்த வீடியோக்களைப் பார்த்து 'மதிமுகம்' கிரீமை வாங்கினாள். சங்கரன்கோவிலில் இசக்கிச்செல்வி என்கிற பெண் வீட்டிலேயே தயாரித்து விற்பது. எல்லாருக்கும் அவள் செல்விக்கா. மூலிகை, குங்குமப்பூ, பாட்டி வைத்தியம், ரசாயனமே கிடையாது என்று கையை நெஞ்சில் வைத்துச் சொல்வாள். கிரீம் வேலை செய்தது. அதுதான் கொடுமை, நன்றாகவே வேலை செய்தது. கோமதி வெளுத்தாள். கடையில் எல்லாரும் கேட்டார்கள். அப்புறம் காலையில் எழுந்தால் கண் இமை வீங்கியிருந்தது, அப்புறம் முகம், அப்புறம் கொலுசு ஏறாத அளவுக்குக் கால். கல்யாணக் களை என்று ஆவுடத்தாயே சொன்னாள். கிட்னி டாக்டர் ரத்தத்தை, சிறுநீரைப் பார்த்துவிட்டு, முதல் கேள்வியே முகத்துக்கு என்னம்மா போடுறே என்றுதான் கேட்டார். ரத்தத்தில் பாதரசம். பியூலா தானே கடையில் ஒரு டப்பா வாங்கி, பிரிக்காமல் சென்னை லேபுக்கு அனுப்பினாள். அனுமதித்த அளவைப் போலப் பல நூறு மடங்கு என்று வந்தது. அந்தத் தாளை வாங்கித் திரும்பத் திரும்பப் படித்தாள். பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். இதை யாரிடமும் சொல்லவில்லை. சிக்கினாடி என்று ஒரு சந்தோஷம். கீழே ஒரு பிள்ளை மாத்திரையாய் முழுங்கிக்கொண்டு கிடக்கிறது, மேலே இவளுக்கு வீடியோ கிடைத்த சந்தோஷம். சே. ஆனால் அந்தச் சந்தோஷம் இல்லாவிட்டால் இந்த வேலையைச் செய்து முடிக்கவும் முடியாது, அதுவும் உண்மைதான்.

லேப்டாப்பில் அந்த இடத்துக்கு ஓட்டினாள். தொண்டையைச் செருமிக்கொண்டு திரையில் பியூலா பேசுகிறாள், நீல நூல் சேலை, நெற்றியில் விளக்கின் பளபளப்பு. "செல்விக்காங்கிற பேர்ல ஊரு நம்புற இந்த அம்மா, தெரிஞ்சே நம்ம பிள்ளைங்க முகத்துல வெஷத்தத் தடவுறாங்க." நிறுத்தினாள். மறுபடி ஓட்டினாள். தெரிஞ்சே. அந்த இடத்தில் அவள் குரல் தணிந்து, பல்லுக்கிடையில் வந்து விழுகிறது. வீடியோ முழுக்கவே அந்த ஒரு சொல்லுக்குத்தான் எழும்பி வருகிறது. முகப்புப் படத்திலும் அதுதான், சிவப்பில், பெரிசாக: தெரிஞ்சே தடவிய விஷம். பார்க்கிறவன் விரல் அந்தச் சொல்லில்தான் தட்டும். இதை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? ஒரு லேப் தாள், முகம் மறைத்த ஒரு பெண், ஆம்பளைக் குரலாக மாற்றிய அவள் பேச்சு. உப்பில்லாப் பத்தியம். ரஹ்மத் நிஷா எடுக்கத்தான் சொன்னாள். பாளை கோர்ட்டில் வக்கீல்; பியூலாவுக்குக் கணவன் இன்பராஜ் வழியில் பழக்கம். வீடியோவைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, அந்த இடத்தில் நிறுத்தி, ஆள்காட்டி விரலைத் திரையில் வைத்தாள்.

"இத எடுத்துருங்கக்கா."

"அதான் முன்னாலயே டிஸ்கிளைமர் போடுதேன்லா. எங்க சொந்தக் கருத்துன்னு."

"டிஸ்கிளைமர்ங்கிறது தாயத்து கிடையாது, கட்டிக்கிட்டா பேய் அண்டாதுன்னு நெனைக்கதுக்கு. கருத்துன்னு நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டு உள்ள திருடின்னு சொன்னா, திருடின்னு சொன்னதுதான் கோர்ட்ல நிக்கும். நீங்க சொன்னது நெசமா, அத உங்களால காட்ட முடியுமா, சனங்க தெரிஞ்சிக்கிட வேண்டியதா. அங்க கேக்கது இதத்தான். லேப் ரிசல்ட்டு இருக்கு, காட்டலாம். டாக்டர் சொன்னது இருக்கு, அந்தப் பிள்ளை சம்மதம் இருக்கு. 'தெரிஞ்சே'க்கு என்ன இருக்கு? அவ மனசுக்குள்ள போயிப் பாத்தியளா?"

போய்ப் பார்க்கவில்லை. ஆனால் தெரியாமலா இருக்கும்? தினமும் கிண்டுகிறாள், டப்பாவில் அடைக்கிறாள், மூலிகை மட்டும் போட்டால் இந்த வேகத்தில் வெளுக்காது என்று அவளுக்குத் தெரியாதா. தெரியும். தெரிந்துதான். தெரிந்துதான் இருக்க வேண்டும். இருக்க வேண்டும் என்பது வேறு, இருக்கிறது என்பது வேறு என்று நிஷா சொல்வாள், அந்தப் பெண்ணுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு வேறு இருக்கிறது. மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு மனுவும் அவள்தான் எழுதிக் கொடுத்தாள். இசக்கிச்செல்வியின் பக்கத்தையும் கேளுங்கள், கேட்டதற்கு அடையாளம் வேண்டும் என்று அவள் சொல்லித்தான் பியூலா போன வாரம் கடை நம்பருக்கு வாட்ஸ்அப்பில் கேள்விகளை அனுப்பினாள். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. பதில் இல்லாததே ஒரு பதில்தானே? அதுதானே தெரிஞ்சே? இல்லையா? தண்ணீர் குடித்தாள். சுவிட்சைப் போட்டு மின்விசிறியின் கீழ் நின்றாள். வியர்வை ஆறியதும் குளிர்ந்தது, குளிர்ந்ததும் பயம் வந்தது. பயத்துக்கு இன்ன முகம் என்று இல்லை. பெனிட்டாவின் பள்ளிக்கூட வாசல், கோர்ட் வராண்டாவின் பெஞ்சு, மாமியார் சர்ச்சில் தலையைக் குனிந்துகொண்டு போவது, எல்லாம் கலந்து ஒரு முகம்.

போன் அதிர்ந்தது. இன்பராஜ். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை, டீ நேரத்தில் கூப்பிடுவான்.

"போட்டுட்டியா?"

"இல்ல. டிஸ்கிளைமர் பதியணும்."

"முதல்லயும் போடு, கடைசியிலயும் போடு. நடுவுலயும் ஒண்ணு போட்டா நல்லது."

"நடுவுல எதுக்குங்க?"

"நடுவுல வந்து பாக்கவனுக்கு." அவன் வேடிக்கையாகச் சொல்லவில்லை. "ஏ பியூலா, நான் ஒண்ணு கேக்கேன், கோவப்படாத. நமக்கு எதுக்கு இது? மனு கொடுத்தாச்சுல்லா. அதிகாரி வந்து பாக்கட்டும்."

"அவங்க வரதுக்குள்ள எத்தன பேரு தடவுவாங்க?"

"அதச் சொல்லல." பின்னால் யாரோ கரண்டியால் டம்ளரைத் தட்டினார்கள். "சங்கத்துல ரெண்டு பேரு வீட்டுலயே அந்தக் கிரீம்தான் போடுதாங்க. மேனேஜர் பொண்டாட்டி உட்பட. போடணும்னா போடு. நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா டிஸ்கிளைமர மட்டும் நல்லா அழுத்திச் சொல்லிரு, என்ன?"

சரி என்றாள். வைத்துவிட்டான். வேண்டாம்னு சொல்லல. இவனுக்கும் வந்துவிட்டது இந்த வியாதி. கல்யாணமான புதிதில் எதையும் பட்டென்று போட்டு உடைக்கிற ஆள், வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக அவளைப் பெண்பார்க்க வந்து, எல்லாருக்கும் முன்னால், எனக்குப் பிடிச்சிருக்கு, கருப்பு சிவப்பெல்லாம் நான் பாக்க மாட்டேன் என்றவன். அந்த வாக்கியத்துக்குச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. பார்க்க மாட்டேன் என்றால் பார்த்திருக்கிறான் என்றுதானே. எல்லாரும் பார்க்கத்தான் செய்தார்கள். ஸ்டூடியோவில் கிறிஸ்துமஸ் போட்டோ எடுக்கப் போனபோது சித்தி கைக்குட்டையில் பவுடரைக் கொட்டி அவள் முகத்தை மட்டும் தேய்தேய் என்று தேய்த்தாள், தங்கைக்கு வேண்டாமாம், அவள் மாநிறம். போட்டோவில் பியூலா சாம்பல் பூசிய கத்திரிக்காய் மாதிரி இருந்தாள். யாரும் திட்டவில்லை, எல்லாரும் பிரியமாகத்தான் தேய்த்தார்கள். பிரியமாகத் தேய்க்கிறவர்களை என்ன சொல்லித் திட்டுவது. வலது கையால் இடது புறங்கையைத் தடவினாள். தடவிவிட்டு, தடவுகிறோம் என்று தெரிந்து கையை எடுத்தாள். அங்கே ஒரு இடம், புளியங்கொட்டை அளவு, சுற்றியிருக்கிற தோலைவிட வெளுத்திருந்தது. லேபுக்கு ஒரு டப்பா அனுப்பினாள் அல்லவா, வீடியோவில் காட்ட இன்னொன்று வாங்கினாள். திறந்து முகர்ந்தபோது தாழம்பூவும் பாலும் கலந்த மாதிரி வாசம். ஒரு பொட்டு எடுத்துப் புறங்கையில் வைத்தாள். சும்மா, எப்படி இருக்கிறது என்று பார்க்க. மறுநாளும் வைத்தாள். லேப் பதில் வரும்வரை வைத்தாள். கோமதியின் வீங்கின முகத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இதெல்லாம். ஏன் வைத்தாய்? ஆராய்ச்சிக்கு. பொய். ஆராய்ச்சி என்றால் போட்டோ எடுத்திருப்பாய். வெளுக்கிறதா என்று ராத்திரி விளக்கடியில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாயே, அது என்ன. அப்படியானால் நீயும் தெரிஞ்சேதான் தடவினாய். முழுசாகத் தெரியவில்லை, பாதி தெரியும். பாதி தெரிந்தால் அது தெரிஞ்சேயா, தெரியாமலா. இதற்கு ஒரு சொல் இருக்கிறதா நம்மிடம்? பாதி தெரிந்து, மீதியைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முகத்தைத் திருப்பிக்கொள்வதற்கு?

விசிறியை அணைத்தாள். மைக்கை இழுத்தாள். இந்த வீடியோவில் சொல்லப்படும் கருத்துகள் அனைத்தும். போன் மேசையில் அதிர்ந்து நகர்ந்து ஓரத்துக்குப் போனது. தெரியாத நம்பர். எடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எடுத்தாள்.

"பியூலாக்காவா? நான் செல்வி பேசுதேன். மதிமுகம் செல்வி."

அந்தக் குரல். வீடியோவில் கேட்டுக் கேட்டுப் பழகின குரல், ஆனால் நெஞ்சில் கைவைக்கிற இழைவு இல்லை. பக்கத்தில் எங்கேயோ பாத்திரம் உரசுகிற சத்தம். பியூலா எழுந்து நின்றுவிட்டாள், ஏன் நின்றாள் என்று தெரியவில்லை.

"சொல்லுங்க."

"நீங்க அனுப்புன கேள்வியெல்லாம் பாத்தேன். எங்க வக்கீல்ட்ட காட்டியாச்சு. அவரு பேசாதேன்னுதான் சொன்னாரு. நான்தான் பேசுதேன். ஒரு பொம்பள கஷ்டப்பட்டு மேல வந்தா ஒங்களுக்கு என்னக்கா செய்யுது? எங்கிட்ட வேல பாக்கதுல பாதிப்பேரு புருசன் இல்லாதவங்க. அவங்க சோத்துல மண்ணள்ளிப் போட்டுத்தான் ஒங்க சேனலு வளரணுமா?"

"லேப்ல பாதரசம்னு வந்திருக்கு செல்வி. நான் சொல்லல. லேப்பு சொல்லுது."

"எந்த லேப்பு? காசு கொடுத்தா எதையும் எழுதுவாங்க. நான் ரோசாப்பூ போடுதேன், அதிமதுரம் போடுதேன், என் கையால அரைக்கேன். வெள்ளை பேஸ் மட்டும் வெளிய இருந்து வருது, எல்லாரும் வாங்குத எடந்தான். முத்துப்பொடின்னு சொல்லித்தான் தாராங்க."

"அந்தப் பொடிய சோதிச்சுப் பாத்தீங்களா?"

"எதுக்குப் பாக்கணும்?" குரல் ஏறியது. "நான் போடுதேன்லா! என் மூஞ்சியில நான் போடுதேன். என் மவளுக்குப் போட்டுவிடுதேன். ஒண்ணாப்புதான் படிக்கா, ஸ்கூல்ல கருவாச்சின்னு கூப்புடுதாங்கன்னு அழுதா, போட்டுவிடுதேன். வெஷம்னா பெத்த பிள்ளைக்குப் போடுவனா? நீங்களே சொல்லுங்க. நீங்களும் தாயிதான்."

பியூலா மெத்தையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டாள், வெயில் அதற்குள் இருந்து உள்ளங்கையில் ஏறியது. இது நடிப்பா. வீடியோவில் நடிக்கிறவளுக்குப் போனில் நடிக்கத் தெரியாதா. பிள்ளையைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தினால் எதிராளி வாயடைத்துப்போவாள் என்று வக்கீலே சொல்லிக்கொடுத்திருப்பான். இருக்கும். ஆனால் வாய் வேறு ஒன்றைக் கேட்டது.

"காலைல எந்திரிக்கும்போது பிள்ளைக்குக் கண்ணு வீங்குதா?"

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

"என்ன?"

"கண்ணு. இமை. கோமதி... இங்க ஒரு பிள்ளைக்கு அப்படித்தான் ஆரம்பிச்சுது."

பெயர் வாயில் வந்துவிட்டது. ஆவுடத்தாய் மாடிப்படியில் நின்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டிருந்தாள், பேரு மட்டும் வெளிய தெரியப்படாதும்மா, மாப்பிள வீட்டுல இன்னும் சொல்லல என்று. பியூலா நாக்கைக் கடித்துக்கொண்டாள். செல்வி அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"தூங்கி எந்திரிச்சா எல்லாப் பிள்ளைக்கும் லேசா ஊதத்தான் செய்யும்" என்றாள். பிறகு மெதுவாக, "அதுவும் கொஞ்ச நாளாத்தான்" என்றாள். பாத்திரம் மறுபடி உரசியது. கடைசியில் செல்வி பழைய குரலைத் தேடி எடுத்துக்கொண்டு பேசினாள்.

"வீடியோ இன்னைக்குப் போடாதீங்க. ரெண்டு நாள் பொறுங்க. நான் பாக்கேன். போட்டிங்கன்னா கோர்ட்லதான் பாத்துக்கிடணும், சொல்லிட்டேன்."

வைத்துவிட்டாள். பியூலா போனைப் பிடித்தபடியே நின்றாள். ரெண்டு நாள் பொறுத்தால் என்ன, அந்த ரெண்டு நாளில் அவள் சரக்கை எடுத்துவிடுவாளா, இல்லை கோர்ட்டில் போய் வீடியோவுக்குத் தடை வாங்கிவிடுவாளா. இன்றைக்கு ராத்திரி எத்தனை பேர் முகத்தைக் கழுவித் துடைத்து, கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, விரல் நுனியில் அந்தத் தாழம்பூ வாசத்தை எடுப்பார்கள். அதில் ஒருத்தி ஒண்ணாப்புப் படிக்கிறவள், கன்னத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள், அம்மா பிரியமாகத் தேய்க்கிறாள். தேய்க்கிறாளா? தேய்ப்பதாகச் சொன்னாள். மகள் என்று ஒருத்தி இருக்கிறாளா என்றுகூடத் தெரியாதே. பொய்யாக இருந்தால்? பொய்யாக இருந்தால் நல்லது. அந்தப் பொய்க்காக முதல்முறையாகப் பியூலா வேண்டிக்கொண்டாள். அவள் நடித்திருக்கட்டும் ஆண்டவரே, அவள் சதிகாரியாகவே இருக்கட்டும், அந்தப் பிள்ளை மட்டும் இல்லாமல் இருக்கட்டும். ஆனால் 'அதுவும் கொஞ்ச நாளாத்தான்' என்று சொன்னாளே. அதை எப்படி ஒரு வக்கீல் சொல்லிக்கொடுப்பான். அந்த இடத்தில் குரல் இறங்கினதை யார் எழுதித் தருவார். தெரிஞ்சே. தெரிஞ்சேயில்லை. அவளுக்குத் தெரியாது, அல்லது நேற்றுவரை தெரியாது, அல்லது தெரிந்துகொள்ள மாட்டேன் என்று இருந்தாள், இப்போது இந்த நிமிஷம் சங்கரன்கோவிலில் ஏதோ ஒரு அடுப்படியில் நின்று தெரிந்துகொண்டிருக்கிறாள். அவள் மனசுக்குள் போய்ப் பார்க்க யாராலும் முடியாது. நிஷா சொன்னது கேஸுக்காக. கேஸ் இல்லாவிட்டாலும் அது அப்படித்தான்.

உட்கார்ந்தாள். லேப்டாப்பில் அந்த வாக்கியத்தைத் தேடிப் பிடித்தாள். தெரிஞ்சே என்ற சொல்லின் ஒலி அலை திரையில் ஒரு முள்செடி மாதிரி நிமிர்ந்து நின்றது. அந்தச் சொல்லை மட்டும் வெட்டிப் பார்த்தாள், உதடு அசைந்து சத்தம் வராமல் கோரமாக இருந்தது. வாக்கியத்தையே எடுத்தாள். எடுத்ததும் வீடியோ அந்த இடத்தில் ஒரு குதி குதித்து, நேராக லேப் தாளுக்குப் போய் விழுந்தது. பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். உப்பில்லாப் பத்தியம் என்று நினைத்தது தப்பு. அவள் கத்தாத இடத்தில் அந்தத் தாள் கத்தியது. முகப்புப் படத்தின் சிவப்பு எழுத்தையும் அழித்தாள், மதிமுகம் கிரீமில் பாதரசம்: லேப் முடிவு என்று வெறுமனே அடித்தாள். மனசு கிடந்து அடித்துக்கொண்டது, எவனும் தட்டமாட்டான், யாரும் பார்க்கமாட்டார்கள், இத்தனை உழைப்பும் போச்சு. போகட்டும். இல்லை, போகக் கூடாது. போகட்டும். பிறகு மைக்கைப் பக்கத்தில் இழுத்து, வழக்கமாக எழுதி வைத்திருக்கிற தாளைப் பார்க்காமல், வேகமாகப் படிக்காமல், கீழ் வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரி பேசினாள்.

"வணக்கம். எனக்குத் தெரிஞ்சது எது, தெரியாதது எதுன்னு முதல்ல சொல்லிருதேன். ஒரு டப்பா வாங்கிப் பிரிக்காம லேபுக்கு அனுப்புனேன். அதுல பாதரசம் இருந்துச்சு, தாளக் காட்டுதேன். இத முகத்துல போட்ட ஒரு பொண்ணுக்கு ரத்தத்துலயும் பாதரசம் இருக்கு, கிட்னி கெட்டுப்போயிருக்கு. டாக்டர் உடனே நிறுத்தச் சொல்லியிருக்காரு. இதெல்லாம் எனக்குத் தெரியும். எல்லா டப்பாவுலயும் இருக்கான்னு தெரியாது. அது எப்படி உள்ள வந்துச்சு, செய்யுதவங்களுக்குத் தெரியுமான்னு எனக்குத் தெரியாது. வெள்ளைப் பொடி வெளிய இருந்து வாங்குனதா அவங்க சொல்லுதாங்க. நீங்க இதப் போடுதீங்கன்னா இன்னைக்கே நிறுத்துங்க, ஒரு டாக்டரப் பாருங்க. பிள்ளைங்களுக்குப் போட்டிருந்தா நாளைக்குன்னு இருக்காதீங்க."

நிற்காமல் வந்துவிட்டது. புண்படுத்தும் நோக்கம் என்ற இடமே வரவில்லை. மறுபடி கேட்டுப் பார்க்கப் பயமாக இருந்தது, கேட்டால் திருத்தத் தோன்றும். அப்படியே ஒட்டினாள், ஏற்றினாள். நீலக்கோடு ஊர்ந்து ஊர்ந்து போனது. மெத்தையை இறக்கினாள். ஜன்னல் வெளிச்சம் ஒரேயடியாக உள்ளே விழுந்து அறையே யாருடையதோ மாதிரி இருந்தது. பெனிட்டா வந்தாள், பாலைக் குடித்தாள், ஷூவை நடுவீட்டில் கழற்றிப் போட்டாள், எல்லாம் எங்கேயோ தூரத்தில் நடந்தது. வீடியோ போய்ச் சேர்ந்திருந்தது. அவள் பயந்த மாதிரி யாரும் பார்க்காமல் இல்லை, எதிர்பார்த்த மாதிரி ஊரே திரளவும் இல்லை. செல்விக்கா மேல பொறாமை என்று ஒருவர் எழுதினார். எந்த ஊர்ல வாங்குன டப்பா என்று இரண்டு மூன்று பேர். காலு வீங்கினா இதுவா இருக்குமாக்கா என்று ஒருத்தி, அதற்குக் கீழே இன்னொருத்தி, எனக்கும் அப்படித்தான் என்று. பியூலா ஒவ்வொன்றுக்கும் டாக்டரைப் பாருங்க, டாக்டரைப் பாருங்க என்றே அடித்துக்கொண்டிருந்தாள்.

விளக்கு ஏற்றுகிற நேரத்துக்கு மெயில் வந்தது. இசக்கிச்செல்வியின் வக்கீல். எங்கள் கட்சிக்காரரின் நற்பெயருக்கு ஏற்படுத்திய களங்கத்துக்கு என்று ஆரம்பித்து, உடனடியாக நீக்காவிட்டால் என்று போனது. இதற்காகத்தான் இத்தனை நாள் பயந்தாள், வந்தபோது வெறும் எழுத்தாக இருந்தது. நிஷாவுக்கு அனுப்பிவிட்டு நிமிர்வதற்குள் போனில் இன்னொன்று விழுந்தது. மத்தியானம் வந்த அதே நம்பர். குரல் பதிவு. காதோடு ஒட்டி வைத்துக் கேட்டாள். முதலில் ஒரு பிள்ளை ஏதோ பாட்டை முணுமுணுக்கிற சத்தம், ஒரு கதவைச் சாத்துகிற சத்தம், அதற்கு அப்புறம் செல்வி, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி.

"அக்கா, அது எந்த டாக்டரு?"

அவ்வளவுதான். நிஷா கூப்பிட்டாள், நோட்டீஸ் பார்த்தேன், நம்ம கைல எல்லாம் இருக்கு, பயப்படாதீங்க, ஆனா ஒண்ணு, இனிமே அந்தம்மாகூட நேரா ஒரு வார்த்த பேசாதீங்க, எதையும் எழுதிக் கொடுக்காதீங்க, எல்லாத்தையும் சாட்சியா கொண்டு வந்து வைப்பாங்க, கேக்குதா, என்றாள்.

"கேக்குது" என்றாள் பியூலா.

வைத்துவிட்டு, டாக்டரின் பெயரையும் ஆஸ்பத்திரி இருக்கிற தெருவையும் அந்த நம்பருக்கு அடித்தாள். அதற்குக் கீழே, காலைல வெறும் வயித்துல கூட்டிட்டு வாங்க, டப்பாவையும் கொண்டு வாங்க, நான் வாசல்ல நிப்பேன் என்று அடித்து அனுப்பினாள்.